மாடு கையெழுத்துப் போட்டுச்சா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிதி ஆலோசகர் அம்மா ஆற்றிய உரை இது. கட்டட இன்ஜினியராக வேலையைத் தொடங்கிய இவர், பிறகு கிராமப்புற நிதித் துறைக்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக உரையை இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசவும்.)



காலையிலேயே சமையலை முடித்து, ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் இருக்கிற அக்காக்களுக்கு நான் பேசுவது கேட்கிறதா? கேட்கலைன்னா கையைத் தூக்குங்க. சத்தமாப் பேசுறேன்.

தலைவி அம்மா என்னை "நல்ல பேச்சாளர்" என்று அறிமுகம் செய்தார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே சிரிப்பு வந்தது. முப்பது வயது வரைக்கும் நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரியாதவள் நான். நான் வாய் திறக்காமல் இருந்ததால் ஒரு குடும்பம் ஒரு மாட்டை இழந்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

சிமெண்டும் கம்பியும்

அருப்புக்கோட்டை பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. அப்பா தறி நெய்தவர். எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று வாத்தியார் சொன்னதை நம்பி, கடனை உடனை வாங்கி என்னை சிவில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். 1995-ல் மதுரையில் ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கட்டடம் நடக்கும் இடத்துக்கு முதல் நாள் போனபோது மேஸ்திரி சொன்னார்: "பாப்பா, வெயில்ல நிக்காதே, அந்த நிழல்ல போய் உட்காரு." நான் மேற்பார்வைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்வதற்குக்கூட எனக்கு வாய் வரவில்லை. போய் நிழலில் உட்கார்ந்துவிட்டேன்!

ஆனால் அந்த வேலையில் இரண்டு பாடம் படித்தேன். இரண்டும் கடனுக்கும் பொருந்தும். அதனால் சொல்கிறேன்.

ஒன்று: ஒரு உத்தரம் இவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்றால், அந்த அளவுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்ட மாட்டோம். ஒன்றரை மடங்கு பாரத்துக்குக் கணக்குப் போடுவோம். ஏன்? கல்யாண வீட்டில் கூட்டம் கூடும், மழையில் மொட்டை மாடியில் தண்ணி தேங்கும். எதிர்பாராதது வரும் என்று எதிர்பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

இரண்டு: கான்கிரீட் போடும் அன்றைக்கே அந்தக் கலவையில் கொஞ்சம் எடுத்துச் சின்னக் கட்டிகளாக வார்த்து வைப்போம். 28 நாள் தண்ணியில் ஊறவைத்து, பிறகு மெஷினில் அழுத்தி உடைத்துப் பார்ப்போம். பார்வைக்கு எல்லாக் கட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உடைத்துப் பார்த்தால்தான் பலம் தெரியும்.

கண்மாய் வேலையில் கண்ட கணக்கு

1998-ல் கண்மாய் மராமத்து வேலைக்கு என்னை ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். கரையை உயர்த்த வேண்டும், மடையைச் சரிசெய்ய வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள் தங்கள் பங்குத் தொகையைக் கட்டினால்தான் வேலை தொடங்கும். ஆம்பளைகள் கூடிக் கூடிப் பேசினார்கள், பணம் சேரவில்லை. ஒருநாள் திடீரென்று பாதிப் பேர் கட்டிவிட்டார்கள். விசாரித்தால், அந்த ஊர் மகளிர் குழு உள்கடன் கொடுத்திருக்கிறது!

குழுவின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எழுதியது எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண். ஒரு ரூபாய்கூட இடறவில்லை. என்னுடைய சிமெண்ட் இருப்புக் கணக்கைவிடச் சுத்தமாக இருந்தது. "யாரால கட்ட முடியும், யாரால முடியாதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?" என்று கேட்டேன். ஊக்குநர் அக்கா சொன்னார்: "அவ வீட்டு அடுப்பு எத்தனை நேரம் எரியுதுன்னு எங்களுக்குத் தெரியும்ல தாயி."

இது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத கணக்கு.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் குழுக்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்ப்போம் என்று ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பித்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. அதுவரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாத பெண்ணுக்கு வங்கி வாசலில் என்ன மரியாதை என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மடையைவிட அந்த நோட்டுத்தான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. 2001-ல் காண்டிராக்டர் வேலையை விட்டுவிட்டு, கிராமங்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் குறைவு. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "கட்டடம் கட்டப் படிச்சவ, கடன் வசூலிக்கப் போறா"ன்னு ஊரே சிரித்தது.

நான் செய்த தப்பு

இன்ஜினியர் என்பதால் கடன் திட்டம் வடிவமைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கறவை மாட்டுக் கடனுக்கு அழகாக ஒரு அட்டவணை போட்டேன். 15,000 ரூபாய் கடன், 24 மாதம், மாதாமாதம் ஒரே தவணை. பால் கணக்கு, தீவனக் கணக்கு எல்லாம் எழுதியிருந்தேன். காகிதத்தில் மாடு தினமும் பால் கறந்தது!

நானும் கிராமத்துப் பிள்ளைதான். கன்று போட்டு எட்டு, பத்து மாதத்தில் மாடு வற்றிப்போகும், அடுத்த கன்று போடும் வரைக்கும் பால் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் குறிப்பு நோட்டில் "வற்றும் மாதம்?" என்று கேள்விக்குறியும் போட்டு வைத்திருந்தேன். தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் கூட்டம் நடந்தது. எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள். கடைசியில் பெரிய அதிகாரி, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். நெஞ்சு படபடத்தது. நோட்டை மூடி வைத்துவிட்டேன். திட்டம் நிறைவேறியது.

எட்டு மாதம் கழித்து ஒரு குழுவுக்குப் போனேன். வசூல் பதிவேட்டில் நூற்றுக்கு நூறு. பாக்கியே இல்லை. பெருமையாக இருந்தது. பாராட்டிப் பேசலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு அக்கா எழுந்து நின்றார். நாற்பது வயது இருக்கும்.

"இஞ்சினியரம்மா, மாடு வத்திப்போன மாசத்துக்கும் தவணை எழுதியிருக்கீங்களே, மாடு அதுல கையெழுத்துப் போட்டுச்சா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கம்மலை அடகு வைத்து இரண்டு தவணை கட்டியிருக்கிறார். கந்துவட்டிக்கு வாங்கி ஒரு தவணை. கடைசியில் சினை மாட்டையே விற்று, கந்துவட்டிக்காரனுக்குக் கொடுத்தது போக மீதியில் எங்கள் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மாடு இல்லை, பால் இல்லை, கம்மல் இல்லை. எங்கள் பதிவேட்டில் மட்டும் நூற்றுக்கு நூறு!

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அக்கா கேட்ட கேள்வி என் நோட்டில் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே இருந்தது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். கை நடுங்கியது. இங்கிலீஷ் வரவில்லை, தமிழிலேயே பேசினேன். அலங்காரமாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்கா கேட்டதை அப்படியே சொன்னேன். கம்மல், கந்துவட்டி, சினை மாடு, இந்த மூன்றையும் தேதியோடு சொன்னேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு விதி மாறியது. பால் இருக்கும் மாதம் தவணை கூடுதல், வற்றும் மாதம் வட்டி மட்டும். முதல் மாடு வற்றும் நேரம் பார்த்து இரண்டாவது மாட்டுக்குக் கடன். மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்.

அதனால் அந்த அக்காவுக்கு மாடு திரும்பி வந்ததா? வரவில்லை. போனது போனதுதான். பின்னால் குழுவின் உள்கடனில் இரண்டு ஆடு வாங்கி, மெல்ல மெல்ல எழுந்தார். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

இன்னொரு இன்ஜினியர் போட்ட கணக்கு

சகோதரிகளே, இப்படித் தப்புக் கணக்குப் போட்டது நான் ஒருத்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம். விஜய் மகாஜன் என்று ஒருவர் இருக்கிறார். டெல்லி ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர், பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நிர்வாகம் படித்தவர். பெரிய கம்பெனியில் நல்ல சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 1983-ல், தீப் ஜோஷி என்ற இன்னொரு இன்ஜினியரோடு சேர்ந்து 'பிரதான்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நம்ம மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்கள் முதலில் முளைத்தது அந்த பிரதான் அமைப்பின் வேலையில்தான். தீப் ஜோஷிக்கு 2009-ல் மகசேசே விருது கிடைத்தது.

1996-ல் மகாஜன் ஐதராபாத்தில் 'பேசிக்ஸ்' என்ற கடன் நிறுவனத்தை ஆரம்பித்தார். ஏழைக்குக் கடன் கிடைத்தால் முன்னேறிவிடுவார் என்பது அன்றைக்குப் பலருடைய நம்பிக்கை. ஐந்து வருடம் கழித்து, 2001-ல், கட்டியை உடைத்துப் பார்ப்பதுபோல ஒரு ஆய்வு நடத்தச் சொன்னார். மூன்று வருடத்துக்கு மேல் கடன் வாங்கி வந்தவர்களிடம் போய், வருமானம் கூடியதா என்று கேட்டார்கள்.

நூற்றுக்கு 52 பேருக்குக் கூடியிருந்தது. 23 பேருக்கு அப்படியே இருந்தது. 25 பேருக்கு வருமானம் முன்பைவிடக் குறைந்துபோயிருந்தது!

நாலில் ஒருவர். கடன் வாங்கி, கட்டி, இறங்கிப்போனவர்கள். காரணம் என்ன என்று பார்த்தார்கள். மழை பொய்த்தது, மாடு செத்தது போன்ற ஆபத்துகளுக்குப் பாதுகாப்பு இல்லை. விளைச்சலும் பாலும் குறைவு. விளைந்ததற்கு நல்ல விலை இல்லை. கடன் மட்டும் கொடுத்தால் போதாது, அதோடு இன்சூரன்ஸ் வேண்டும், தொழில் ஆலோசனை வேண்டும், சேர்ந்து விற்க அமைப்பு வேண்டும் என்று 2002 முதல் நிறுவனத்தின் வழியையே மாற்றினார்கள்.

எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கெட்ட செய்தியை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. 2005-ல் கட்டுரையாக எழுதினார். "எங்கள் கடனால் நாலில் ஒருவர் இறங்கிப்போனார்" என்று ஊரறியச் சொல்வது லேசான காரியமா?

ஆனால் எல்லா நிறுவனங்களும் அப்படி உடைத்துப் பார்க்கவில்லை. 2010-ல் ஆந்திராவில் என்ன நடந்தது? ஒரே பெண்ணுக்கு மூன்று இடம், நாலு இடத்தில் கடன். வசூலில் கெடுபிடி. அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் பற்றிச் செய்திகள் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் அப்படியே நின்றது. பேசிக்ஸ் உட்பட பல நிறுவனங்கள் அந்தப் புயலில் அடிபட்டன. உத்தரம் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிப் பாரம் ஏற்றினால், விழும்போது கீழே இருப்பவர் மேலேதான் முதலில் விழும்.

12,000 ரூபாய்க்கு எவ்வளவு வட்டி?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நோட்டு இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

12,000 ரூபாய் கடன். 12 மாதத் தவணை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. நம்ம குழுவில் எப்படிக் கணக்குப் போடுவோம்? மீதி அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் 120 ரூபாய், அசலில் ஆயிரம் கட்டியதும் அடுத்த மாதம் 110, பிறகு 100, இப்படிக் குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 10 ரூபாய். மொத்தம் 780 ரூபாய்.

இன்னொருவர் வருகிறார். "நாங்களும் அதே ஒரு ரூபாய் வட்டிதான் அக்கா" என்கிறார். ஆனால் கடைசி மாதம் வரைக்கும் முழு 12,000-க்கும் வட்டி போடுகிறார். மாதம் 120, பன்னிரண்டு மாதத்துக்கு 1,440 ரூபாய். அசலில் பதினோரு ஆயிரத்தைத் திருப்பிக் கட்டிய பிறகும், கையில் இல்லாத பணத்துக்கு வட்டி கட்டுகிறோம். இதற்கு 'பிளாட்' வட்டி என்று பேர். வாயில் சொல்வது வருடத்துக்கு 12 வட்டி, உண்மையில் வாங்குவது 21 வட்டிக்கு மேல். வித்தியாசம் 660 ரூபாய். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை, நோட்டு, செருப்பு வாங்கலாமா இல்லையா?

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். "மீதி அசலுக்கா, முழு அசலுக்கா?" என்று கேட்டால் போதும்.

பேசக் கற்றுக்கொள்வது

"உங்களுக்கென்னம்மா, படிச்சிருக்கீங்க, பேசுறீங்க" என்று சொல்வீர்கள். படிப்பு எனக்குப் பேச்சைக் கொடுக்கவில்லை. மாட்டை இழந்த அந்த அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பவர்தான். அவர் பேசியதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். என்ன கற்றேன் என்று சொல்கிறேன்.

எழுந்தால் ஒரே ஒரு விஷயத்தைப் பேசுங்கள். பத்து விஷயம் சொன்னால் பத்தும் போய்விடும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அதை யாரும் மறுக்க முடியாது. ஒரு எண்ணையாவது சேர்த்துச் சொல்லுங்கள். "ரொம்ப வட்டி வாங்குறாங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "780 ஆகவேண்டிய இடத்துல 1,440 வாங்குறாங்க" என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். கடைசியாக, பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத பேச்சு டீக்கடைப் பேச்சு.

கை நடுங்கும். நடுங்கட்டும். எனக்கு இன்றைக்கும் மேடை ஏறும்போது நடுங்கத்தான் செய்கிறது. இந்த மைக்கை ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்?

கையெழுத்துக்கு முன்னால் நாலு கேள்வி

இப்போது நம் கிராமங்களுக்கு வாரம் ஒரு கடன் கம்பெனிக்காரர் வருகிறார். குழுக் கடன் இருக்கும்போதே வெளியிலும் வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் பிள்ளை படிப்பும் குழுக் கூட்டத் தேதி பார்த்து வருவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று: வட்டி மீதி அசலுக்கா, முழு அசலுக்கா? கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் பிடித்தது போக என் கையில் வருவது எவ்வளவு, நான் மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு? இதை எனக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு: என் வருமானம் எந்த மாதம் வரும், தவணை எந்த மாதம் வரும்? மாடு வற்றும் மாதம், காட்டு வேலை இல்லாத மாதம், பூ விலை விழும் மாதம், அப்போது என்ன செய்வேன்?

மூன்று: எல்லாக் கடனையும் சேர்த்தால் தவணை எவ்வளவு? ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ஜாமீன் இல்லாமல் தரும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி கொண்டுவந்தது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மாதம் 10,000 வந்தால் தவணை 5,000-க்குள். வீட்டுக்கான உத்தரக் கணக்கு இதுதான். அதற்கு மேல் கடன் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் உதவி செய்யவில்லை, பாரம் ஏற்றுகிறார்.

நாலு: கட்ட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூல் என்று வந்து தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கேட்கக்கூடாது. இவையும் அந்த விதியில் இருக்கின்றன.

இந்த நாலு கேள்வியை வெளி ஆட்களிடம் மட்டும் கேட்டால் போதாது. நம் கூட்டமைப்பிடமும் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். நூற்றுக்கு நூறு வசூல் என்று ஆண்டறிக்கையில் காலையில் வாசித்தோம், நீங்களும் கை தட்டினீர்கள். அந்த நூறு பேரில் கம்மலை வைத்துக் கட்டியவர் எத்தனை பேர்? எனக்குத் தெரியாது. அறிக்கையில் அந்தக் கட்டம் இல்லை. அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு கூட்டத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். கடன் வாங்கிய பிறகு யாருக்கு வருமானம் கூடியது, யாருக்கு அப்படியே இருக்கிறது, யாருக்குக் குறைந்தது என்று மனம்விட்டுப் பேசி எழுதி அனுப்புங்கள். குறைந்தது என்று சொல்கிற உறுப்பினரை யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லக்கூடாது. அவர் சொல்வதை வைத்துத்தான் நம் அடுத்த கடன் திட்டத்தைத் திருத்த முடியும்.

நான் நோட்டை மூடி வைத்த மாதிரி நீங்கள் மூடி வைக்காதீர்கள். மாடு கையெழுத்துப் போடாது. போடுவது நாம். அதனால் கேட்க வேண்டியதும் நாம்தான்.

இனி நான் பேசியது போதும். பின்வரிசையில் நீலச் சேலை கட்டிய அக்கா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கவும் இறக்கவுமாக இருக்கிறார். மைக்கை அவர் கையில் கொடுங்கள்.